முதுகு வலித்தால் மோட்டார் சைக்கிளை விற்க வேண்டியதில்லை

அறுபதைத் தாண்டிய ஒருவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு "ரெண்டு நாளா முதுகு ஒரு மாதிரியா இருக்கு" என்று டீக்கடையில் சொல்லிப் பார்க்கட்டும். பாதிப் பேர் "வண்டிய வித்துருங்க அண்ணாச்சி" என்பார்கள். மீதிப் பாதி "பேசாம ஒரு ஸ்கூட்டர் வாங்கிருங்க" என்பார்கள். இரண்டுமே சரியான யோசனை இல்லை என்பது என் கருத்து. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நம் வயதுக்காரர்கள் பலருக்கு இது வேண்டிய விஷயம்.

நம் பக்கத்தில் வண்டி என்பது ஆடம்பரம் இல்லை. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்கு மெயின் ரோட்டில் பஸ் உண்டு. அந்த ரோட்டை விட்டு இறங்கி நரிக்குடிப் பக்கமோ, ரெட்டியபட்டிப் பக்கமோ உள்ளே போனால் காலையில் ஒன்று, பிற்பகலில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டிய ஊர்கள்தான் அதிகம். கல்யாணம், கருமாதி, பேங்க், ஆஸ்பத்திரி, கிணற்றுக்காட்டில் மோட்டார் ஓடுகிறதா என்று பார்த்து வருவது, எல்லாமே வண்டியை நம்பித்தான். வண்டியை விற்றவர்களை நான் கவனித்திருக்கிறேன். முதலில் தூரத்துச் சொந்தத்தின் விசேஷங்களுக்குப் போவது நிற்கும். அப்புறம் காட்டுக்குப் போவது நிற்கும். ஒரு வருடத்தில் திண்ணையிலேயே உட்கார்ந்து விடுவார்கள். நடை குறையும், உடம்பு போடும், முதுகு முன்னைவிட வலிக்கும். முதுகுவலியில் ஒருவர் படுத்தே கிடக்கக் கூடாது, முடிந்த அளவு நடமாட வேண்டும் என்றுதான் இப்போது டாக்டர்களும் சொல்கிறார்கள்.

இன்னொரு சங்கதி, நம்மில் பலர் இப்போது ஓட்டுவது நாம் வாங்கிய வண்டி இல்லை, மகன் விட்டுப்போன வண்டி. 2003-இல் கரிஸ்மா வந்தது, பின்னால் பல்சர் 220 வந்தது. அந்தக் காலத்துப் பையன்கள் அதற்காக வீட்டில் சாப்பிடாமல் கூட இருந்திருக்கிறார்கள். இப்போது பையன் சென்னையிலோ, திருப்பூரிலோ, வளைகுடாவிலோ இருக்கிறான். வண்டி வீட்டு வாசலில் கவர் போட்டு நிற்கிறது. ஓட்டாமல் வைத்தால் பேட்டரி போய்விடும் என்று அப்பா எடுக்க ஆரம்பிக்கிறார். என் வீட்டுக் கதையும் இதுதான். என் வண்டி எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. முன்னால் சாய்ந்து ஓட்டுகிற ரகம், 'ஸ்போர்ட்ஸ் டூரிங்' என்று பையன் பெருமையாகச் சொல்வான்.

நாம் பழகிய வண்டிகள் வேறு. புல்லட், ராஜ்தூத், எஸ்டி, பிறகு 1980-இல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50, 1985-இல் வந்த சிடி 100, எல்லாவற்றிலும் நாற்காலியில் உட்காருவது போல நிமிர்ந்து உட்காரலாம். கரி மூட்டை மூன்றை வைத்துக்கொண்டு கமுதி ரோட்டில் போகிற டிவிஎஸ் 50-காரரைப் பாருங்கள், முதுகு செங்குத்தாக இருக்கும். ஸ்போர்ட்ஸ் வண்டியில் ஹேண்டில்பார் ஒரே குழாயாக இருக்காது. இரண்டு துண்டாக, முன் ஃபோர்க்கைப் பிடித்தபடி தாழ்வாக இருக்கும். கால் மிதி பின்னால் தள்ளி இருக்கும். ஆகவே உடம்பு முன்னால் சாயும்.

இந்தச் சாய்வு வீண் அலங்காரம் இல்லை, அதற்கு ஒரு காரணம் உண்டு. நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிர்காற்று நெஞ்சில் மோதி உடம்பைத் தாங்கிப் பிடிக்கும். அப்போது மணிக்கட்டில் பாரம் இருக்காது. ஆனால் நாம் திருச்சுழி ரோட்டில் நாற்பது, ஐம்பதில் போகிறோம். அந்த வேகத்தில் தாங்குகிற காற்று இல்லை. நெஞ்சின் பாரம் முழுக்க இரண்டு மணிக்கட்டில் இறங்குகிறது. கால் மணி நேரத்தில் மணிக்கட்டு சலித்துப் போகும், கையைத் தளர்த்துவோம், அந்த வேலையை இடுப்பு எடுத்துக்கொள்ளும். வலி அங்கேதான் ஆரம்பம். அதாவது, வண்டி எந்த வேகத்துக்குச் செய்யப்பட்டதோ அந்த வேகத்தில் நாம் போவதில்லை. (போகவும் வேண்டாம்.)

முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கிற டிஸ்க் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்வீடனைச் சேர்ந்த ஆல்ஃப் நாகெம்சன் என்ற எலும்பு மருத்துவர் 1960-களிலேயே உயிருள்ள மனிதர்களின் டிஸ்க்குக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிற்கும்போது இருக்கும் அழுத்தத்தை 100 என்று வைத்தால், மல்லாந்து படுத்தால் 25, உட்கார்ந்தால் 140, உட்கார்ந்து முன்னால் குனிந்தால் 185 என்று அவர் கணக்குச் சொன்னது. பின்னால் வந்தவர்கள் நவீனக் கருவியால் அளந்தபோது சும்மா உட்காருவது பற்றிய எண் மாறியது. குனிந்தால் அழுத்தம் ஏறுகிறது என்பது மட்டும் மாறவில்லை. ஆகவே தாழ்ந்த ஹேண்டில்பார் ஒரு வயதானவரின் இடுப்பை என்ன செய்யும் என்பதற்கு ஆராய்ச்சி வேண்டியதில்லை.

சரி, அப்படியானால் பழைய புல்லட் மாதிரி முழுக்க நிமிர்ந்து உட்கார்ந்தால் தீர்ந்ததா? அங்கேதான் நம் ஆட்கள் ஏமாறுகிறார்கள். விறைப்பாக நிமிர்ந்து உட்கார்ந்தால் பின்சக்கரம் குழியில் விழும் அடி எங்கும் வளையாமல் வால் எலும்பிலிருந்து கழுத்து வரை நேராக ஏறும். லேசாக, மிக லேசாக முன்னால் சாய்ந்து, கால் மிதி இடுப்புக்கு நேர் கீழே இருந்தால், அடியில் ஒரு பங்கைக் காலும் ஒரு பங்கைக் கையும் வாங்கிக்கொள்ளும். மேடு வருவது தெரிந்தால் சீட்டிலிருந்து அரை அங்குலம் எழும்பிக்கொள்ளலாம். குதிரையில் போகிறவன் அங்கவடியில் கால் ஊன்றி எழும்புவது இதுதானே.

இதை நம் தமிழ்நாட்டுக் கம்பெனி ஒன்றே நிரூபித்துக் காட்டியிருக்கிறது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகர என்ஃபீல்டும் சேர்ந்து தொடங்கியதுதான் என்ஃபீல்டு இந்தியா. திருவொற்றியூரில் புல்லட் செய்தார்கள். அவர்களே 2013-இல் காண்டினெண்டல் ஜிடி என்று ஒரு 535 சிசி வண்டியைத் தாழ்ந்த இரட்டை ஹேண்டில்பாரோடு கொண்டுவந்தார்கள். பார்க்க அழகு, ஓட்டினால் குனிந்தே போக வேண்டும். 2018-இல் 650 சிசி இரட்டை சிலிண்டர் வண்டி வந்தபோது என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரே எஞ்சின், ஒரே சேஸிஸ், இரண்டு வண்டி. ஒன்று இண்டர்செப்டர். அதற்கு அகலமான, உயர்ந்த ஒற்றைக் குழாய் ஹேண்டில்பார். மற்றது ஜிடி. அதற்குத் தாழ்ந்த ஹேண்டில்பார், பின்னால் தள்ளிய கால் மிதி. அந்த ஜிடியிலும் ஹேண்டில்பாரைப் பழைய 535-ஐவிட உயர்த்தித்தான் வைத்தார்கள். இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டியவர்களைக் கேளுங்கள், வேறு வேறு வண்டி என்றே சொல்வார்கள். மாறியது பெரும்பாலும் கை வைக்கும் இடமும் கால் வைக்கும் இடமும்தான். கம்பெனி செய்ததை நாம் சின்ன அளவில் நம் பட்டறையில் செய்துகொண்டால் என்ன குற்றம்?

ஸ்கூட்டர் யோசனைக்கு வருகிறேன். முழங்காலை மடக்கித் தூக்கிப் போட்டு ஏற முடியாதவர்களுக்கு ஸ்கூட்டர்தான் சரி. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் "முதுகுக்கு நல்லது" என்று வாங்குவது வேறு விஷயம். ஸ்கூட்டரின் பின்சக்கரம் பெரும்பாலும் பத்து அங்குலம். மோட்டார் சைக்கிளில் பதினேழு, பதினெட்டு. சின்னச் சக்கரம் குழிக்குள் முழுசாக இறங்கி ஏறும், பெரிய சக்கரம் அதே குழியைத் தாண்டிப் போய்விடும். மாட்டு வண்டிச் சக்கரம் ஏன் அவ்வளவு பெரிதாக இருந்தது என்று யோசியுங்கள். அதோடு, ஸ்கூட்டரில் எஞ்சினும் பின்சக்கரமும் ஒரே கட்டாகச் சேர்ந்து மேலும் கீழும் ஆடும். ஸ்பிரிங்குக்குக் கீழே பாரம் அதிகமானால் மேலே உட்கார்ந்திருப்பவருக்கு அடி அதிகம். மூன்றாவது, கால் முன்னால் பலகையில் இருப்பதால் மேடு வரும்போது எழும்ப முடியாது. டவுனுக்குள் நல்ல ரோட்டில் இதெல்லாம் தெரியாது. பந்தல்குடி தாண்டி ஒரு கிராமத்து ரோட்டில் போனால் தெரியும்.

இனி, என்ன செய்யலாம் என்பது. செலவில்லாத ஒரு சோதனையிலிருந்து தொடங்குங்கள். வண்டியை நடு ஸ்டாண்டில் போட்டு ஏறி உட்காருங்கள். கால் மிதியில் கால் வைத்து, ஹேண்டில்பாரைப் பிடித்து, ஓட்டுகிற நிலையில் இருங்கள். பிறகு இரண்டு கையையும் மெல்ல எடுத்துப் பாருங்கள். உடம்பு அப்படியே நின்றால் நல்லது. முன்னால் சரிந்து விழப் பார்த்தால், இவ்வளவு நாளும் உங்களைத் தாங்கியது மணிக்கட்டு என்று அர்த்தம். அடுத்து கண்ணை மூடி, முதுகு சுகமாக இருக்கிற நிலைக்கு வந்து, கையை நீட்டுங்கள். பக்கத்தில் ஒருவர் ஸ்கேல் வைத்து, கை நிற்கிற இடத்துக்கும் ஹேண்டில்பாருக்கும் எவ்வளவு தூரம் என்று அளக்கட்டும். எனக்கு உயரத்தில் இரண்டு அங்குலம், என் பக்கமாக ஒரு அங்குலம் வந்தது.

இந்த அளவை உயர்த்தித் தர ரைசர் என்ற அலுமினியத் துண்டுகள் கிடைக்கின்றன. மெக்கானிக் வேலை ஒரு மணி நேரம்கூட இல்லை. ஆனால் அதன்பின் பார்க்க வேண்டியதை யாரும் பார்ப்பதில்லை. ஹேண்டில்பார் உயர்ந்தால் கிளட்ச் கேபிள், ஆக்ஸிலேட்டர் கேபிள், முன் பிரேக்கின் ஆயில் ஹோஸ் மூன்றும் இழுபடும். எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு ஹேண்டில்பாரை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்புங்கள். எஞ்சின் சத்தம் ஏறினால் கேபிள் இழுக்கிறது, நீளமான கேபிள் போடாமல் ரோட்டுக்குப் போகக் கூடாது. பிரேக் ஹோஸ் விறைத்து நின்றாலும் அப்படியே. திருப்பும்போது கட்டைவிரல் டேங்குக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவில் நசுங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். கண்ட கடையில் வெல்டு வைத்து உயர்த்துவது மட்டும் வேண்டவே வேண்டாம். ஹேண்டில்பாரில் வெல்டு விட்டால் முதுகுவலி பற்றிக் கவலைப்பட ஆள் இருக்காது.

சட்டம் என்று ஒன்று இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் கொடுத்த அடிப்படை அம்சங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. சைலன்சரைக் கழற்றிவிட்டு ஊரையே எழுப்புகிறவர்களுக்கு இது நல்ல மருந்து. போல்ட்டைக் கழற்றினால் பழையபடி ஆகிவிடுகிற சின்ன மாற்றத்துக்கும் மாட்டுக் கொம்பு மாதிரி தோள் உயரத்துக்கு ஹேண்டில்பார் வைப்பதற்கும் வித்தியாசம் உண்டு என்பது என் நியாயம். ஆனாலும் தெரிந்த பிரேக் இன்ஸ்பெக்டர் ஒருவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்வது நல்லது. நான் கேட்டுத்தான் செய்தேன்.

ஹேண்டில்பாருக்கு அடுத்ததுதான் சீட். இந்த வரிசை முக்கியம். சீட்டை முதலில் உயர்த்தினால் ஹேண்டில்பார் இன்னும் தாழ்ந்த மாதிரி ஆகிவிடும், குனிவு கூடும்.

சீட் விஷயத்தில் ஒரு பெரிய மூடநம்பிக்கை இருக்கிறது, மெத்தென்று இருந்தால் நல்லது என்று. சீட் கடைத் தம்பி என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "சார், மெத்துமெத்துன்னு போட்ருவமா?" என்பதுதான்.

"வேண்டாம் தம்பி, கெட்டியா போடு. ஆனா மட்டமா போடு" என்றேன்.

"கெட்டியா போட்டா வலிக்கும் சார்."

"மெத்துன்னு போட்டா பத்து நிமிஷத்துல அமுங்கி அடித்தகடு இடிக்கும். அப்ப வலிக்காதா?"

அவருக்கு அது புரிந்தது. தொழில் தெரிந்த பையன், பிறகு அவரே ஒரு யோசனை சொன்னார். ஸ்போர்ட்ஸ் வண்டி சீட் முன்னால் சரிந்திருக்கும். ஒவ்வொரு பிரேக்குக்கும் நாம் டேங்க் பக்கம் வழுக்குவோம், கையை ஊன்றித் திரும்பப் பின்னால் தள்ளிக்கொள்வோம். ஒரு பயணத்தில் இது எத்தனை தடவை நடக்கும்! அந்தச் சரிவை நிரவினாலே பாதி வேலை முடிந்தது. கீழே கெட்டியான ஃபோம், மேலே அரை அங்குலம் மட்டும் மெல்லிய ஃபோம், முன்பக்கம் தொடை படுகிற இடத்தை இரண்டு ஓரத்திலும் செதுக்கிக் குறுக்கினார். குறுக்காவிட்டால் உயர்ந்த சீட்டில் கால் தரையில் எட்டாது. வழுக்குகிற ரெக்ஸின் வேண்டாம் என்று சொரசொரப்பானதாகப் போட்டார்.

சீட் ஒரு அங்குலம் உயர்ந்ததில் இன்னொரு லாபம். பின்னால் தள்ளிய கால் மிதியால் முழங்கால் மிகவும் மடங்கியிருக்கும். சீட் உயர்ந்தால் முழங்கால் விரியும்.

நம்மூர் நெசவாளிகளுக்கு இதெல்லாம் புதிதில்லை. குழித்தறியில் உட்கார்ந்தவர்களைக் கேளுங்கள். உட்காரும் பலகை ஒரு விரற்கடை தாழ்ந்தால் சாயங்காலம் இடுப்பு போய்விடும் என்பார்கள். பலகைக்கு அடியில் சாக்கை மடித்து வைத்து, கால் மிதிக்கும் இடத்துக்கும் கை நாடா இழுக்கும் இடத்துக்கும் தன் உடம்புக்கு ஏற்ப உயரம் சரி செய்த பிறகுதான் வேலையில் இறங்குவார்கள். தறிக்குத் தன் உடம்பை வளைக்காமல் உடம்புக்குத் தறியைத் திருத்திக்கொண்டவர்கள் வாழ்ந்த ஊரில், லட்ச ரூபாய் வண்டியை ஷோரூம் கொடுத்தபடியே ஓட்டி வலி பொறுத்துக்கொண்டிருப்பது எனக்கு விந்தையாகத்தான் இருக்கிறது.

மூன்றாவது, காசே இல்லாத வேலை. பின்னால் இருக்கிற ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங்குக்கு அடியில் படிப்படியாக வெட்டிய ஒரு வளையம் இருக்கும். பெரும்பாலான வண்டிகளில் ஐந்து படி. டூல் பையில் இருக்கிற கொக்கி ஸ்பேனரால் அதைத் திருப்பி ஸ்பிரிங்கை இறுக்கலாம், தளர்த்தலாம். பத்து வருடம் வண்டி ஓட்டியும் அதைத் தொடாதவர்கள் இருக்கிறார்கள். எண்பது கிலோ மகன் பின்னால் ஆளை வைத்து ஓட்டிய இறுக்கத்திலேயே அறுபது கிலோ அப்பா தனியாக ஓட்டினால் ஸ்பிரிங் அசையாது, முதுகுதான் ஸ்பிரிங் ஆகும். நாம் ஏறி உட்கார்ந்தால் வண்டியின் பின்பக்கம், அதன் மொத்த ஆட்டத்தில் கால் பங்குக்கு மேல் மூன்றில் ஒரு பங்குக்குள் இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் ஒரு படி தளர்த்துங்கள். ஷாக்கில் எண்ணெய் கசிந்திருந்தால் எந்தப் படியும் உதவாது, மாற்றத்தான் வேண்டும்.

காற்றும் அப்படித்தான். பங்க்கில் பையன் "நாப்பது வச்சிரவா சார்?" என்பான். வண்டிப் புத்தகத்தில் தனியாக ஓட்ட எவ்வளவு, ஆள் ஏற்றினால் எவ்வளவு என்று போட்டிருக்கும். அதன்படி, டயர் சூடேறுவதற்கு முன், காலையில் அடிக்க வேண்டும். அளவுக்கு மேல் காற்று அடித்த டயர் கல் உருளை மாதிரி.

இடுப்பு பெல்ட் பற்றிப் பலர் கேட்கிறார்கள். எலும்பு முறிந்தோ ஆபரேஷன் ஆகியோ டாக்டர் போடச் சொன்னால் போடுங்கள். சும்மா வலி வராமல் இருக்க என்று கடையில் வாங்கிக் கட்டிக்கொள்வதில் எனக்கு நம்பிக்கையில்லை. மூட்டை தூக்குகிற தொழிலாளர்களுக்குப் பெல்ட் கொடுப்பது பற்றி அமெரிக்க அரசின் தொழில்நல ஆய்வு நிறுவனம் 1994-இல் பரிசீலித்து, காயத்தைத் தடுக்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றுதான் சொன்னது. பெல்ட் வாங்கும் காசில் சீட்டைச் சரிசெய்யலாம்.

பெல்ட்டைவிடப் பயனுள்ளது, பின் பாக்கெட்டில் இருக்கும் பர்ஸை எடுத்து முன் பாக்கெட்டில் வைப்பது. ஓய்வூதியப் புத்தகம், ஆதார், நாலு விசிட்டிங் கார்டு, பேரன் போட்டோ எல்லாம் சேர்ந்து ஒரு அங்குலக் கனம் வரும். ஒரு பக்கம் தூக்கி உட்கார்ந்தால் இடுப்பு கோணும், அந்த இடத்து நரம்பு அமுங்கிக் காலில் இழுக்கும். தோளில் பை மாட்டுகிறவர்கள் வாரை நீளமாக்கி, பையின் அடி பின் சீட்டில் உட்காரும்படி விடுங்கள். தொங்கினால் அந்தப் பாரமும் முதுகுக்குத்தான்.

விடிகாலையில் ஓட்டுகிறவர்களுக்கு ஒன்று. இரவெல்லாம் படுத்திருக்கும்போது டிஸ்க் நீர் உறிஞ்சி உப்பிக்கொள்ளும். காலையில் நாம் சாயங்காலத்தைவிடச் சற்று உயரமாக இருப்பது அதனால்தான். எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் குனிவது டிஸ்க்குக்கு மற்ற நேரத்தைவிடக் கெடுதல். காலையில் குனிவதைத் தவிர்த்தவர்களுக்கு வலி குறைந்தது என்று 1998-இல் ஓர் ஆய்வும் வந்தது. நம் பக்கத்து மல்லிகைக்காரர்கள் பாடு இதில்தான் இருக்கிறது. இருட்டோடு எழுந்து, குனிந்து பூப் பறித்து, மூட்டை கட்டி, உடனே வண்டியில் குனிந்தபடி மார்க்கெட்டுக்கு ஓட வேண்டும். பூ விலைக்கு முன்னால் டிஸ்க் பற்றி யார் பேசுவது? அவர்கள் வீட்டில் நிமிர்ந்து ஓட்டுகிற வண்டி இருந்தால் அதையாவது காலைக்கு வைத்துக்கொள்ளட்டும்.

இத்தனையும் செய்தாலும் சில வலிகளுக்கு வண்டி காரணம் இல்லை. காலில் மரத்துப்போதல் கூடிக்கொண்டே போனாலும், பாதத்தைத் தூக்க முடியாமல் இழுத்தாலும் தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள். சீட்டில் படுகிற இடமெல்லாம் உணர்ச்சி இல்லாமல் போனாலோ, சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ அது அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அவசரம். அதற்கு ரைசரும் இல்லை, ஃபோமும் இல்லை.

பின்னால் உட்காருகிறவரை மறந்துவிடக் கூடாது. ஸ்போர்ட்ஸ் வண்டியில் பின் சீட் கொக்கு மரத்தில் உட்கார்ந்த மாதிரி உயரத்தில் இருக்கும். என் வீட்டுக்காரம்மா ஒரு தடவை ஏறிவிட்டு, "இதுல நான் வரமாட்டேன், நீங்களே உங்க மகன் வண்டியக் கட்டிக்கிட்டு அழுங்க" என்று சொல்லிவிட்டார். நியாயம்தான். முன்னால் சரிந்த சீட்டில் அவர் பாரமும் பிரேக் போடும்போதெல்லாம் என் முதுகில் வந்து விழும், அது என் மணிக்கட்டுக்குப் போகும். சீட் வேலை செய்தபோது பின் சீட்டையும் ஒரு அங்குலம் தாழ்த்தி மட்டமாக்கச் சொன்னேன். இப்போது கல்குறிச்சி வரை பேசாமல் வருகிறார். பேசாமல் என்றால் வண்டியைப் பற்றி.

கடைசியாக ரோடு. நம் வண்டியைத் திருத்தலாம், ரோட்டை என்ன செய்வது? கரிசல் மண் மழையில் ஊதும், கோடையில் சுருங்கி வெடிக்கும். அதன்மேல் போட்ட தார் ரோடு சில வருடத்தில் அலை அலையாக ஆகிவிடும். உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு வினாடிக்கு நான்கு முதல் ஆறு தடவை மேலும் கீழும் ஆட்டினால்தான் மிக அதிகமாக அதிரும் என்று கண்டிருக்கிறார்கள். நாற்பது கிலோமீட்டர் வேகம் என்றால் வினாடிக்குப் பதினோரு மீட்டர். இரண்டு மீட்டருக்கு ஒரு அலை இருந்தால் வினாடிக்கு ஐந்தரை ஆட்டம். சரியாக முதுகுக்கு ஆகாத கணக்கு! அப்படிப்பட்ட இடத்தில் இருபத்தைந்துக்குக் குறைத்துப் பாருங்கள், மூன்றரை ஆட்டமாகிவிடும். வித்தியாசம் உடனே தெரியும்.

வேகத்தடைதான் இதைவிட மோசம். இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவு ஒன்று இருக்கிறது. 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம், மெல்ல ஏறி மெல்ல இறங்க வேண்டும், 25 கிலோமீட்டர் வேகத்தில் அலுங்காமல் தாண்டலாம். நம் கிராமங்களில் அதே உயரத்தை ஒரு முழ அகலத்தில் கட்டிவிடுகிறார்கள். பெயின்ட் கிடையாது, போர்டு கிடையாது. விபத்து நடந்த இடத்தில் கோபத்தில் ஒரே ராத்திரியில் போட்ட தடைகளும் உண்டு. அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது, பிள்ளைகள் ரோட்டைக் கடக்கும் இடத்தில் தடை வேண்டும்தான். ஆனால் அளவோடு போட்டாலும் வேகம் குறையும், யார் இடுப்பும் போகாது. பிரசவத்துக்குப் போகிற ஆட்டோவும் அதன்மேல்தான் ஏறி இறங்குகிறது. மே 1 கிராம சபைக் கூட்டத்தில் இதைக் கேட்கலாம் என்றிருக்கிறேன். எங்கள் தெரு முனையிலிருந்து மெயின் ரோடு வரை உள்ள தடைகளை டேப் வைத்து அளந்து ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். மொத்தம் ஏழு, அதில் சரியான அளவில் இருப்பது ஒன்று.